ஊரையே மன்னித்த ஞாயிறு

நானும் என் வீட்டுக்காரரும் பேச்சை நிறுத்தி மூன்று வாரம் ஆகியிருந்தது. மற்றவர்களுக்கு அது மூன்று வாரம், எனக்கு ஒரு ஜென்மம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத பிறவி நான். தூக்கத்தில்கூடப் பேசுகிறேனாம், அவரே சொல்லியிருக்கிறார். அவரோ கல்லுளிமங்கன். லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. நாள் முழுக்க இருட்டுக் குழிக்குள் கம்பியோடும் கிரீஸோடும் நிற்கிற மனுஷனுக்குப் பேச்சு எதற்கு? பேசாமல் இருக்கும் போட்டியில் அவரோடு நான் இறங்கியதே பைத்தியக்காரத்தனம். ஆனால் இறங்கியாயிற்று. இறங்கிய பிறகு தோற்பதாவது!

சண்டை எதற்கென்று சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகி வருஷங்கள் ஓடியும் எங்களுக்குக் குழந்தை இல்லை. சொந்த ஊரில் பார்த்த டாக்டர்கள் போதாதென்று, பிழைக்க வந்த இந்த நாட்டிலும் டாக்டர் டாக்டராக ஏறி இறங்கினோம். ஒருநாள் சாயங்காலம் நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"போதும், விடு. இனிமே ஊசி மாத்திரைன்னு அலைய வேண்டாம். நாம ரெண்டு பேரே போதும்."

அன்பாகத்தான் சொன்னார். இப்போது தெரிகிறது. அன்றைக்கு எனக்குச் சுர்ரென்று தலைக்கேறிவிட்டது.

"யாரைக் கேட்டு முடிவு பண்ணினீங்க? போதும்னு சொல்ல நீங்க யாரு?"

"உன்கிட்ட மனுஷன் பேசுவானா?"

"பேசாதீங்க! யாரு பேசச் சொன்னா?"

"சரி, பேசல."

"நீங்களா வாயைத் திறக்கிற வரைக்கும் நானும் திறக்க மாட்டேன். பாத்துடலாம்."

"பாத்துடலாம்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் மனிதர்களைத் தவிர மற்ற எல்லாவற்றோடும் பேச்சுவார்த்தை நடந்தது. நான் அடுப்பைப் பார்த்து, "ஆறிப்போகுது, பசிக்கிறவங்க சாப்பிடலாம்" என்பேன். அவர் செருப்பைப் பார்த்து, "இன்னிக்கு வர லேட்டாகும், கதவைப் பூட்டிக்கிட்டுத் தூங்கறவங்க தூங்கலாம்" என்பார். அடுப்புக்கும் செருப்புக்கும் வாயிருந்தால் எங்கள் இருவரையும் காறித் துப்பியிருக்கும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த வியாழக்கிழமை வந்தது. நான் வேலை செய்வது ஒரு ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், சலவைப் பிரிவில். படுக்கை விரிப்புகள் துவைத்து உலர்ந்து, கொதிக்கும் இரண்டு உருளைகளுக்கு நடுவே நுழைந்து, அப்பளமாக வெளியே வரும். அதைப் பிடித்து மடிப்பது என் வேலை. அன்று அந்த ஆவி மூக்கில் ஏறியதுமே குமட்டிக்கொண்டு வந்தது. விரிப்பைப் போட்டுவிட்டு முகம் கழுவும் தொட்டிக்கு ஓடினேன்.

அந்த உருளைகளுக்கு மேற்பார்வை பார்க்கும் பெண்மணி இந்த ஊர்க்காரி. வாட்டசாட்டமான ஆள், ஆனால் குழந்தை மனசு. நான் வைத்த பட்டப்பெயர் இஸ்திரியக்கா. அவள் என் முகத்தை ஒரு பார்வை பார்த்தாள். கையைப் பிடித்து மாடிக்குத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய், ஒரு டாக்டரம்மா முன்னால் உட்காரவைத்துவிட்டாள். பரிசோதனை முடிந்து டாக்டரம்மா சிரித்தார். இஸ்திரியக்கா என்னைத் தூக்கியே விட்டாள். அதற்குமேல் அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. தலையணை உறைகளைப் பார்த்துச் சிரித்தேன். ஒரே விரிப்பைத் திரும்பத் திரும்ப மடித்தேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மாள் நான் சிரிப்பதைப் பார்த்துவிட்டு வேறு இருக்கைக்கு மாறிப்போனாள். போகட்டும் என்று அவள் முதுகைப் பார்த்தும் சிரித்தேன்.

சண்டையாவது ஒன்றாவது, கதவைத் திறந்ததும் சொல்லிவிட வேண்டியதுதான் என்று படியேறினேன். உள்ளே போனால் அவர் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். என் காலடிச் சத்தம் கேட்டது. திரும்பினாரா? இல்லை. செருப்பைப் பார்த்து, "சில பேருக்கு இன்னிக்கு ரொம்பக் குஷி போல இருக்கு" என்றார்.

செருப்பிடம்! வயிற்றில் பிள்ளையைச் சுமந்துகொண்டு படியேறி வந்திருக்கிறேன், இந்த மனுஷன் செருப்போடு பேசுகிறார்! திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டேன். அவர் முதலில் பேசட்டும். என்னைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை. அடுத்த நொடியே கொட்டிவிடுகிறேன். அதுவரை கொன்று போட்டாலும் சொல்வதில்லை.

மறுநாளிலிருந்து இஸ்திரியக்கா காலையில் என்னைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி, "சொல்லிட்டியா?"

"அவர் பேசட்டும்."

அவள் நெற்றியில் அடித்துக்கொள்வாள். எத்தனை நாள்தான் அடித்துக்கொள்வாள்? கடைசியில் ஒருநாள் சொன்னாள்: "வர்ற ஞாயித்துக்கிழமை எங்க கோயில்ல, வேதத்துக்காக உயிரை விட்ட வேதசாட்சிகளோட நினைவுப் பூசை. வருஷத்துக்கு ஒருதடவைதான். உன் புருஷனையும் கூட்டிக்கிட்டு வா. வேதசாட்சிகளாவது உனக்குப் புத்தி குடுக்கட்டும்."

எனக்கு உடனே ஒரு யோசனை பிறந்தது. நாங்களும் கத்தோலிக்கர்கள்தான். பூசையில் பரலோக மந்திரம் என்ற ஜெபம் முடிந்ததும் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லவேண்டும். பக்கத்தில் இருப்பவர் பக்கம் திரும்பித்தானே ஆகவேண்டும்? எங்கள் இருவருக்கும் வேலை நேரம் வெவ்வேறு என்பதால் கொஞ்ச காலமாகச் சேர்ந்து கோயிலுக்குப் போகவே இல்லை. இப்போது போனால், தூண் ஓரமாக ஒரு மூலை பெஞ்சில் உட்கார்ந்து, அவருக்கு ஒருபுறம் தூணும் மறுபுறம் நானும் என்று மடக்கிவிட்டால், தூணுக்கா சமாதானம் சொல்வார்? "சமாதானம்" என்றால் அது ஒரு வார்த்தை. என்னைப் பார்த்துச் சொன்ன வார்த்தை. நான் ஜெயித்தேன்! அன்றிரவே அடுப்பிடம், "ஞாயித்துக்கிழமை வேதசாட்சிகள் நினைவுப் பூசையாம், வர்றவங்க வரலாம்" என்றேன். செருப்பிடமிருந்து, அதாவது அவரிடமிருந்து, "கூப்பிட்டா வராமலா?" என்று பதில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்த கூத்துக்கு எங்கள் வீறாப்புதான் காரணம். நான் பச்சைப் புடவையை எடுத்து வைத்துவிட்டுக் குளித்துவிட்டு வந்தால், அவர் கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு நிற்கிறார். எனக்குப் பக்கென்றது. நினைவுப் பூசையாயிற்றே, இந்த ஊரில் கறுப்புதான் போடுவார்கள் போலிருக்கிறது, அவர் வேலை பார்க்கும் இடத்தில் யாராவது சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தேன். வாயைத் திறந்து கேட்டால் தீர்ந்தது. எப்படிக் கேட்பது? பச்சையை உள்ளே வைத்துவிட்டு, பெரிய வெள்ளிக்கென்று வைத்திருக்கும் வெள்ளைப் புடவையைக் கட்டினேன். அதைப் பார்த்த அவர் போட்டிருந்த கோடு போட்ட சட்டையைக் கழற்றிவிட்டு வெள்ளைச் சட்டை மாட்டினார். ஓகோ என்று நான் காதில் இருந்த ஜிமிக்கியைக் கழற்றினேன். அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றினார். நான் குளிருக்கு வாங்கிய கறுப்புத் துண்டை எடுத்துத் தலைக்கு முக்காடு போட்டேன். அவர் ஒருகணம் திகைத்துப் பார்த்துவிட்டு, வெயில் கொளுத்தும் நாளில் கறுப்புக் குடையைக் கையில் எடுத்துக்கொண்டார். கிளம்பும்போது கண்ணாடியில் பார்த்தால், எழவு வீட்டுக்குப் போகிற ஜோடி. முகத்தையும் அதற்கேற்றாற்போல் தொங்கப் போட்டுக்கொண்டோம். பஸ்ஸில் ஒரு பையன் எழுந்து எங்களுக்கு இடம் கொடுத்தான். ஒரு தாத்தா தொப்பியைக் கழற்றி என் வீட்டுக்காரர் தோளில் தட்டிக்கொடுத்தார்.

கோயில் தெருமுனையில் திரும்பியதும் இருவரும் நின்றுவிட்டோம். தெரு முழுக்கச் சிவப்பு! கம்பத்துக்குக் கம்பம் சிவப்புக் கொடி. பெண்கள் சிவப்பு, ஆண்கள் கழுத்தில் சிவப்புத் துண்டு, குழந்தைகள் தலையில் சிவப்பு ரிப்பன், வாசலில் பேண்டு வாத்தியம் பிளந்துகட்டுகிறது. வேதசாட்சிகள் நாளில் சாமியாரின் பூசை உடுப்பு சிவப்பாக இருக்கும் என்பது ஞானோபதேச வகுப்பிலேயே படித்ததுதான். ஊரே உடுத்திக்கொண்டு வரும் என்று யார் கண்டது? அந்தச் சிவப்புக்கு நடுவே வெள்ளையும் கறுப்புமாக நாங்கள் இருவர். அவரைத் திரும்பிப் பார்த்தேன். இஞ்சி தின்ற குரங்கு மாதிரி முழித்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தால் பேசியதாக ஆகிவிடுமோ என்று பயந்து முக்காட்டை வாயில் கவ்விக்கொண்டேன்.

திரும்பி ஓடிவிடலாம் என்று நினைத்தபோது பேண்டு வாத்தியம் நின்றது. எல்லாத் தலையும் எங்கள் பக்கம் திரும்பின. ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். கூட்டம் இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. நடுவே இஸ்திரியக்கா, சிவப்புக் கவுனில், கண்ணில் தண்ணீர் தாரை தாரையாக ஓட, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தாள். எங்களை ஆளுக்கொரு கையில் இறுக்கிக்கொண்டு நேரே உள்ளே நடத்திப் போனாள். தூண், மூலை பெஞ்சு, என் திட்டம் எல்லாம் கண்ணெதிரே பின்னால் போயின. பீடத்துக்குப் பக்கத்தில் ஜனங்களைப் பார்த்தபடி இரண்டு நாற்காலிகள் தனியாகப் போட்டிருந்தன. அதில் உட்காரவைத்தாள்.

"அக்கா, இது என்ன? நாங்க தெரியாம..." என்று ஆரம்பித்தேன்.

அவள் என் நாற்காலிப் பக்கம் குனிந்து, குசுகுசுவென்று சொன்னாள். அவள் பாஷையில் சொன்னதை நம் பாஷையில் சொல்கிறேன்.

"ரொம்பக் காலத்துக்கு முன்னாடி இந்த வேதத்துல இருக்கக் கூடாதுன்னு உத்தரவு போட்டாங்க. சில பேர் ஒளிஞ்சு பூசை வச்சாங்க. ஒரு தச்சர், ஒரு மருத்துவச்சி, ஒரு ரொட்டிக்கடைக்காரர், ரெண்டு சாமியார். அவங்களை வேற யாரும் காட்டிக்குடுக்கல. எங்க ஊர்க்காரங்களேதான் குடுத்தாங்க. இந்த வாசல்லயே வச்சுக் கொன்னுட்டாங்க. அவங்க குடும்பமெல்லாம் ஊரை விட்டுப் போனது, திரும்பி வரவே இல்ல. இந்த நாற்காலி அவங்களுக்காகப் போடறது. துக்க உடுப்புல யார் வர்றாங்களோ அவங்கதான் அன்னிக்குக் குடும்பம். எல்லாரும் திருநாள் உடுப்புல வரத்தானே ஆசைப்படுவாங்க? பல வருஷம் காலியாவே கிடக்கும். காலி நாற்காலிகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுப் போவோம்." என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "நான் உன்கிட்ட இதைச் சொல்லக்கூட இல்லையே! எப்படித் தோணுச்சு உனக்கு?"

தோன்றியது எப்படி என்று சொல்லும் அளவுக்கு எனக்குத் துணிச்சல் இல்லை. அவர் பக்கம் ஓரக்கண்ணால் பார்த்தேன். அவர் குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டிருந்தார்.

பூசை தொடங்கியது. பாட்டுப் புரியவில்லை, பிரசங்கம் பாதிதான் புரிந்தது. ஆனால் பூசை எங்கே போனாலும் பூசைதானே, எப்போது எழுந்திருக்கவேண்டும், எப்போது முழந்தாளிடவேண்டும் என்று உடம்புக்கே தெரிகிறது. இறந்தவர்களின் பெயர்களைச் சாமியார் ஒவ்வொன்றாக வாசித்தபோது கோயிலில் ஒரு இருமல்கூடக் கேட்கவில்லை. காலையிலிருந்து அடக்கிவைத்திருந்த சிரிப்பு எனக்கு அப்போதுதான் அடங்கியது. அந்த மருத்துவச்சியை நினைத்துக்கொண்டேன். எத்தனை வீட்டுப் பிள்ளைகளை அவள் கையில் ஏந்தியிருப்பாள்! அந்தப் பிள்ளைகளில் யாராவது வளர்ந்து அவளைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். அவளுக்காக நிஜமாகவே எனக்கு அழுகை வந்தது.

நடுவில் தூபம் போட்டார்கள். வயிறு புரண்டது. இங்கே வாந்தி எடுத்தால் சினிமா மாதிரி ஆகிவிடும், அவர் பேசாமலே கண்டுபிடித்துவிடுவார், அப்புறம் என் கௌரவம் என்ன ஆவது? மூச்சைப் பிடித்துக்கொண்டு, அப்பா சாமி, காப்பாற்று என்று பாடுபட்ட சிலுவையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். காப்பாற்றினார்.

பரலோக மந்திரம் முடிந்தது. இதோ வந்துவிட்டது என்று நிமிர்ந்தேன். தூண் இல்லாவிட்டால் என்ன, இரண்டே நாற்காலி, அவர் என்னைத்தான் பார்த்தாகவேண்டும்! அதற்குள் இஸ்திரியக்கா ஓடிவந்து எங்கள் காதில், வருகிறவர்கள் நீட்டும் கையை ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துக்கொள்ளவேண்டும், இருவரும் சேர்ந்து "மன்னித்தோம், சமாதானம்" என்று சொல்லவேண்டும் என்று அவள் பாஷையில் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனாள். நிமிர்ந்து பார்த்தால் ஊரே எழுந்து வரிசையில் நிற்கிறது. வரிசை வாசலைத் தாண்டி வெளியே போகிறது.

முதலில் வந்தவர் ஒரு கிழவர். உள்ளங்கைகளை விரித்து நீட்டினார். "எங்களை மன்னிச்சிடுங்க" என்றார். நான் ஒரு கையைப் பிடித்தேன், என் லிஃப்ட்காரர் மறு கையைப் பிடித்தார். நான் "மன்னித்தோம்" என்றபோது அவர் "சமா" என்று போய்க்கொண்டிருந்தார். அடுத்த ஆளுக்கு அவர் முன்னால், நான் பின்னால். ஒரு போலீஸ்காரர் வந்து தேம்பித் தேம்பி அழுதார். அவருக்குச் சொன்னபோது எங்கள் இரண்டு குரலும் ஒன்றாக விழுந்தன. மூன்று வாரத்துக்குப் பிறகு நாங்கள் சேர்ந்து சொன்ன வார்த்தை! ஆனால் அது பேச்சில் சேராது. ஊராரிடம் சொன்னதுதானே.

வரிசை நகர நகர எனக்கு உற்சாகம் ஏறிக்கொண்டே போனது. யோசித்துப் பாருங்கள், ஒரு ஊரே உங்கள் முன்னால் கை நீட்டி நிற்கிறது, நீங்கள் மன்னிக்கிறீர்கள், மன்னிக்கிறீர்கள், மன்னித்துக்கொண்டே இருக்கிறீர்கள்! பஸ் டிரைவர், பள்ளிக்கூட டீச்சர், மாவு ஒட்டிய கையோடு ஒரு ரொட்டிக்கடைக்காரர். முன்பல் விழுந்த சிறுமி ஒருத்தி எல்லோரும் சொன்னதைச் சொல்லிவிட்டு, தம்பியைக் கடித்ததற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டாள். மன்னித்தோம். அவளைப் பார்த்துப் பெரியவர்களும் சொந்தச் சரக்கைச் சேர்க்க ஆரம்பித்தார்கள். ஒரு பெரிய மனிதர் என் காதருகே குனிந்து நீளமாக ஏதோ சொன்னார். ஒரு வார்த்தைகூட விளங்கவில்லை. கடையில் எடையைக் குறைத்தாரோ, மாமியாரைத் தள்ளிவிட்டாரோ, கடவுளுக்கே வெளிச்சம். போய்த் தொலையட்டும் என்று அதையும் மன்னித்தேன். எங்கள் கீழ்வீட்டுக்காரர் வந்தார். நான் சத்தமாகப் பேசினால் துடைப்பக் கட்டையால் கூரையை இடிப்பவர். அவர் கையைக் கொஞ்சம் அழுத்தமாகவே பிடித்தேன். ஆனாலும் மன்னித்தேன். சந்தோஷத்தில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

வரிசையின் வால் தெரிந்தபோது என் குரல் மட்டும் தனியாகக் கேட்பதைக் கவனித்தேன். பக்கத்தில் திரும்பினால் நாற்காலி காலி. குடை மட்டும் உட்கார்ந்திருக்கிறது.

எனக்கு வந்த ஆத்திரத்தைக் கேட்கவேண்டுமா? இத்தனை ஜனத்தை என் தலையில் கட்டிவிட்டு நழுவிவிட்டாரே மனுஷன்! நான்கு பேரை எரிச்சலோடு மன்னித்தேன். ஐந்தாவது ஆளுக்குக் கை நீட்டும்போது அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு கறுப்புக் கோட்டு தெரிந்தது. வரிசையில் கடைசி ஆள். அவருக்குப் பின்னால் யாருமில்லை.

முன்னால் இருந்தவர் விலகினார். லிஃப்ட்காரர் வந்து என் முன்னால் நின்றார். ஊரார் செய்த மாதிரியே இரண்டு உள்ளங்கைகளையும் விரித்தார். விரல் இடுக்கில் எத்தனை தேய்த்தாலும் போகாத கிரீஸ். தொண்டையைச் செருமிக்கொண்டு, ஊரார் சொன்ன அதே வாக்கியத்தை ஊரார் பாஷையில் சொன்னார்.

அந்தப் பாஷையிலா! அது கணக்கில் வராது, தமிழில் சொல்லுங்கள் என்று சொல்ல வாய் வந்துவிட்டது. சொன்னால் நான் முதலில் பேசியவள் ஆகிவிடுவேன். பல்லைக் கடித்துக்கொண்டேன். அவர் கையை நீட்டியபடி நிற்கிறார். நான் கையைக் கட்டியபடி உட்கார்ந்திருக்கிறேன். விடாக்கண்டனும் கொடாக்கண்டனும். சாமியார் பீடத்திலிருந்து எட்டிப் பார்த்தார். பாடகர் குழு பாட்டை முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எடுத்தது. கோயில் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்க்கிறது. யாரையும் சரியாகத் தெரியாத ஊரில், என்னத்தைச் செய்தார்கள் என்றுகூடத் தெரியாத ஜனங்களை வந்த வரிசையில் மன்னித்துவிட்டேன். இவர் ஒருவரை மன்னிக்க முடியவில்லை. அவர்களோடெல்லாம் நான் குடித்தனம் நடத்தவேண்டியதில்லையே, இவரோடுதானே நடத்தவேண்டும்.

அவர் கண்கள் கலங்குவதைப் பார்த்தேன். மெதுவாக மண்டியிட்டு என் முகத்துக்கு நேராக வந்தார்.

"ஏய்," என்றார். தமிழில். என்னைப் பார்த்து. "உன்னைக் கேக்காம போதும்னு சொல்லிட்டேன். நீ ஒவ்வொரு தடவையும் டாக்டர் ரூம்லேருந்து வெளியே வர்றப்ப உன் முகத்தைப் பாக்க எனக்குத் தாங்கல. அதான் சொன்னேன். தப்புதான். மன்னிச்சிடு. எத்தனை டாக்டர்கிட்ட வேணும்னாலும் போலாம். நான் கூட வர்றேன்."

ஜெயித்துவிட்டேன்! ஆனால் ஜெயித்த சந்தோஷத்தை எங்கே வைத்தேன் என்றே தெரியவில்லை. அந்தக் கிரீஸ் கைகளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"டாக்டர்கிட்ட போக வேண்டாம்."

"கோவத்துல சொல்லாத."

"கோவம் இல்ல. போயிட்டு வந்துட்டேன். உண்டாயிருக்கேன்."

அவர் திருதிருவென்று விழித்தார்.

"யாரு?"

"யாருன்னா? பக்கத்து வீட்டுக்காரியா? நான்தான்! நமக்குக் குழந்தை பொறக்கப் போகுது!"

எழுந்து நின்றார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். ஊர் ஜனத்தைப் பார்த்துத் திரும்பினார். எல்லோருக்கும் சொல்லியாகவேண்டும் என்று அவருக்கு முட்டிக்கொண்டு வருகிறது, ஆனால் சொல்லப் பாஷை இல்லை. அவருக்கு அந்தப் பாஷையில் சரளமாக வரும் வாக்கியம் ஒன்றே ஒன்றுதான், ஒவ்வொரு கட்டடத்திலும் வேலை முடிந்ததும் சொல்வது. அதையே தொண்டை கிழியக் கத்தினார்:

"சரியாயிடுச்சு! எல்லாரும் ஏறலாம்!"

கோயில் ஒருகணம் திகைத்தது. அப்புறம் யாரோ கை தட்டினார்கள். அப்புறம் ஊரே தட்டியது. போலீஸ்காரர் மறுபடி அழ ஆரம்பித்தார். விஷயம் தெரிந்த ஒரே ஆளான இஸ்திரியக்கா, கைகளை மேலே தூக்கிக்கொண்டு இருந்த இடத்திலேயே குதித்தாள். சாமியாருக்கு என்ன புரிந்ததோ, சிரித்துக்கொண்டே பூசையைத் தொடர்ந்தார்.

அவர் வந்து குடையை எடுத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். மூன்று வாரத்து அணை உடைந்துவிட்டது. எப்போது, எத்தனை மாதம், என்ன சாப்பிடுகிறாய், பஸ்ஸிலா போகிறாய் என்று குசுகுசுவென்று கேட்டுக்கொண்டே இருந்தார். நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

"எப்பத் தெரிஞ்சுது?"

"வியாழக்கிழமை."

"போன வியாழனா?"

"அதுக்கும் முந்தின வியாழன்."

அவர் என்னையே பார்த்தார்.

"அன்னிலேருந்து நீ தனியாவா சந்தோஷப்பட்டுக்கிட்டு இருந்த?"

கோபமாகக் கேட்டிருந்தால் பதிலுக்கு நாலு கேட்டிருப்பேன். அவர் பரிதாபமாகக் கேட்டார். என்னைப் பார்த்துத்தான் பரிதாபப்பட்டார். அந்த வியாழக்கிழமை இரவு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, வாயில் போர்வையைத் திணித்துக்கொண்டு நான் சிரித்தது நினைவுக்கு வந்தது. கையெட்டும் தூரத்தில் இவரும் விழித்துக்கொண்டுதான் கிடந்தார். எட்டிப்பிடித்து உலுக்கியிருந்தால் போதும். எத்தனை ராத்திரி, ஐயோ, இவருக்குச் சேரவேண்டிய சந்தோஷத்தை நானே வைத்துத் தின்றிருக்கிறேன்!

நாற்காலியில் நன்றாக அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து அவர் முன்னால் நீட்டினேன்.

"என்னை மன்னிச்சிடுங்க."

"யோசிச்சுச் சொல்றேன்."

"அடி விழும்."

அவர் சிரித்தார். என் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அன்று காலையிலிருந்து ஊராருக்கெல்லாம் நாங்கள் சொன்ன அந்த வார்த்தைகளை அந்தப் பாஷையிலேயே எனக்குச் சொன்னார். உச்சரிப்பு படுமோசம்.